எண்பத்து மூன்றும் ஒன்றும்

அந்தக் குடியிருப்பில் வீடுகள் எண்பத்து நான்கு. விதிகள் நூற்று இருபத்தாறு. வீடுகளைக் கட்டியவர்கள் வேலையை முடித்துக்கொண்டு எப்போதோ போய்விட்டார்கள். விதிகளைக் கட்டுகிறவர்கள் மட்டும் இன்னும் சாரத்தை விட்டு இறங்கவில்லை.

நகரத்துப் பஸ் கடைசியாகத் திரும்பும் இடத்துக்கும் அப்பால், சுற்றிலும் உயரமான மதில், உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே ஒரு கேட், கேட்டை ஒட்டி நலச் சங்கத்தின் அலுவலகம். துணி எந்தப் பக்கம் காயவேண்டும், விருந்தாளி எத்தனை மணிக்குள் சிரித்து முடிக்கவேண்டும், செடி எவ்வளவு உயரம் வளரலாம் என்று எல்லாவற்றுக்கும் அங்கே விதி உண்டு. யாரும் முணுமுணுக்கவில்லை. மதிலுக்கு வெளியே இருப்பவனைவிட நாம் ஒரு படி மேல் என்ற நினைப்பு இருக்கிறதே, அதற்காக மனிதன் எதை வேண்டுமானாலும் கொடுப்பான்.

பதினேழாம் எண் வீட்டுக்காரர் எலெக்ட்ரீஷியன். குடியிருப்பில் இருந்த அத்தனை வீட்டு அழைப்பு மணியையும் அவர்தான் பொருத்தினார், அவர்தான் பழுது பார்த்தார். அதனால் பெல்காரர் என்றே பெயர் நின்றுவிட்டது. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதையாக, அவர் வீட்டில் மட்டும் பெல் கிடையாது. சங்கச் செயலாளர் வீட்டு பெல்லின் பொத்தான் உடைந்துபோன அன்று கடைகள் மூடியிருந்தன. செயலாளர் முகம் வாடக்கூடாதே என்று தன் வீட்டுப் பொத்தானைக் கழற்றிக்கொண்டுபோய் அங்கே மாட்டிவிட்டு வந்தார். மறுநாள் புதிதாக வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். மறுநாள் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தவருக்குப் பொத்தான் நினைவு வரவில்லை.

அந்த வாரத்தில்தான் வருடாந்தரச் சரிபார்ப்பு வந்தது.

சரிபார்ப்பு என்றால், எந்த வீட்டில் ஆள் இருக்கிறது, எதில் இல்லை என்று சங்கம் வீடு வீடாகப் போய்க் கண்டறிந்து பதிவேட்டில் எழுதுவது. அதற்கு ஒரு முறை உண்டு. கதவைத் தட்டக்கூடாது, முன்பு ஒருமுறை தட்டியதில் யாருடைய கதவிலோ பாலிஷ் போய்விட்டதாம். பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. கூப்பிட்டால் சங்கம் கெஞ்சுவதுபோல் ஆகிவிடும். பெல்லை மூன்று தடவை அடிக்க வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் நடுவே ஒரு நிமிஷம். மூன்றுக்கும் கதவு திறக்காவிட்டால் அது ஆளில்லா வீடு.

காலை ஒன்பது மணிக்குப் பெல்காரர் வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். தலைவர் முன்னால் வந்தார், செயலாளர் பக்கத்தில் வந்தார், பதிவேட்டைச் சுமந்துகொண்டு வாட்ச்மேன் பின்னால் வந்தான். தலைவர் ஒரு காலத்தில் ஏதோ அலுவலகத்தில் முத்திரை குத்தும் பொறுப்பில் இருந்தவர். இப்போது கையில் முத்திரை இல்லாததால் நாக்கால் குத்துவார்.

“சம்சாரத்துக்கு எப்படி இருக்கு?” என்று செயலாளர் அன்பாகக் கேட்டார்.

“ஆபரேஷன் முடிஞ்சுது சார். பத்து நாள்ல விட்டுருவாங்க.”

“ரொம்ப நல்லது. கொஞ்சம் வழி விடுங்க.”

தலைவர் படியேறினார். பொத்தான் இருந்த இடத்தில் ஒரு ஓட்டையும் டேப் சுற்றிய இரண்டு ஒயர்களும்தான் இருந்தன. தலைவர் அந்த ஓட்டையில் விரலை வைத்து மரியாதையாக அழுத்தினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிஷம் கழித்து மறுபடி அழுத்தினார்.

“சார், பெல் இல்ல. நான் இங்கதான் நிக்கிறேன்.”

“சரிபார்ப்பு நடக்குது, நடுவுல பேசக்கூடாது” என்றார் செயலாளர்.

மூன்றாவது தடவையும் அழுத்திவிட்டுத் தலைவர் இறங்கி வந்தார். “பதில் இல்லை. எழுதிக்கோங்க.”

“என்ன சார் இது? கண்ணு முன்னாடி நிக்கிறேனே!”

“நீங்க நிக்கிறது தெரியுது. வீடு பதில் சொல்லலையே” என்றார் தலைவர்.

பெல்காரர் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே வாட்ச்மேன் ஒரு மஞ்சள் பலகையை அவர் வீட்டுக் கேட்டில் மாட்டினான். ஆளில்லா வீடு என்று அதில் அழகான எழுத்தில் இருந்தது. ஏதோ விளையாட்டு, சாயங்காலம் கழற்றிவிடுவார்கள் என்று பெல்காரர் நினைத்தார்.

மறுநாள் காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. குப்பை வண்டி அவர் வீட்டைத் தாண்டிப் போயிற்று. வால்வு இருக்கும் இடத்தில் வாட்ச்மேன் நின்றிருந்தான். பெல்காரர் கேட்டதும் அவன் முகத்தைத் திருப்பி, வேலியோரத்துச் செம்பருத்தியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தான்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நான் உங்ககிட்ட பேசல, செடிகிட்ட பேசுறேன். ஆளில்லா வீட்டுக்குத் தண்ணி விட்டா வீண்னு மூடச் சொல்லிட்டாங்க. இன்னொண்ணு. மெயின் கேட்டைத் தாண்டி வெளிய போயிடாதீங்க. ஆளில்லா வீட்டுலேர்ந்து ஆள் வெளிய போறதுக்குத் தடையில்ல. உள்ள வர்றதுக்குத்தான் தடை. போனீங்கன்னா என்னால திரும்ப விட முடியாது.”

“ஆஸ்பத்திரியில என் பொண்டாட்டி கிடக்குறாய்யா!”

“செடி என்ன பதில் சொன்னாலும் எனக்குக் காதுல விழாது அண்ணே” என்றான் வாட்ச்மேன். அவன் கண் கலங்கியிருந்தது. ஆனால் வால்வை அவன் திறக்கவில்லை.

எதிர்வீட்டில் ஒரு நர்ஸ் தனியாக இருந்தாள். பெல்காரர் மனைவி படுத்திருந்த அதே ஆஸ்பத்திரியில்தான் அவளுக்கு வேலை. காலை ஏழு மணிக்குப் போனால் மூன்றுக்குத்தான் திரும்புவாள். சரிபார்ப்பு நடந்த அன்று அவளுக்கு வார விடுமுறை. பெல்காரர் காலிக் குடத்தோடு நிற்பதைப் பார்த்தவள் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு தன் வீட்டு ரப்பர் குழாயைத் தெருவுக்குக் குறுக்கே இழுத்துக்கொண்டு வந்து போட்டாள்.

“இதுங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு அண்ணே. பலகையைப் பாத்துப் பயப்படாதீங்க. அண்ணியை நான் பாத்துக்கறேன். தலை வாரி விடுறேன், கஞ்சி குடுக்கறேன். நீங்க வரலையேன்னு கேட்டாங்கன்னா என்ன சொல்லட்டும்?”

“காய்ச்சல்னு சொல்லு” என்றார் பெல்காரர். அன்று அவர் அவளை உடன்பிறந்தவளாகவே நினைத்தார். அதில் பொய் எதுவும் இல்லை.

பிறகு மனு எழுதிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். செயலாளர் அதைக் கையால் தொடவில்லை.

“மனு குடியிருப்போர் மட்டும்தான் குடுக்கலாம்.”

“குடியிருப்போர் இல்லைன்னு சொல்லிட்டா அவங்க எதைக் குடுக்கறது சார்?”

“இல்லாதவங்களுக்கு என்ன குறை இருக்கப்போகுது?” செயலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “இதோ பாருங்க. உங்களை எனக்குத் தெரியாதா? எங்க வீட்டு பெல்லு இன்னிக்கும் ஜம்முனு அடிக்குது, நீங்க போட்டதுதான். தனிப்பட்ட முறையில நீங்க இருக்கீங்க, நான் மறுக்கல. ஆனா சங்கத்துக்குக் கண்ணு கிடையாது, ஏடுதான் உண்டு. கண்ணை நம்பி நடத்தினா நாளைக்கு எவன் வேணா கண்ணு முன்னாடி வந்து நிப்பான். நான் இருக்கேன், நான் இருக்கேன்னு ஆளாளுக்குக் கிளம்பினா ஒழுங்கு என்னாகும்?”

“அடையாள அட்டை கொண்டு வந்திருக்கேன் சார்.”

“அது நீங்க உலகத்துல இருக்கீங்கன்னு சொல்லுது. அதுல சங்கத்துக்கு ஆட்சேபணை இல்ல.”

மூன்றாம் நாள் அழைப்பிதழ் வந்தது. குடியிருப்பை விட்டு யார் போனாலும் சங்கம் ஒரு பிரிவு உபசாரக் கூட்டம் நடத்துவது வழக்கம். இந்தக் கூட்டம் பெல்காரருக்கு. அழைப்பிதழை எதிர்வீட்டு நர்ஸுக்குத்தான் அனுப்பியிருந்தார்கள். ஆளில்லா வீட்டில் எப்படிப் போடுவார்கள்? பெல்காரர் அவளோடு போய் நான்காவது வரிசையில் உட்கார்ந்தார். இப்படி எல்லோரும் கூடியிருக்கும்போது எழுந்து கேட்டால் நியாயம் கிடைக்கும் என்று அந்த அப்பாவி நம்பினார்.

மேடையில் ஒரு காலி நாற்காலிக்கு மாலை போட்டிருந்தார்கள்.

“அவரைப் போல ஒரு மனிதரைப் பார்க்க முடியாது” என்று தலைவர் பேச ஆரம்பித்தார். “இப்போது பார்க்கவே முடியாது. நம் வீட்டு மணிகளிலெல்லாம் அவர் ஒலிக்கிறார். ஒரு நாளாவது விதியை மீறியிருப்பாரா? மீறாத ஒருவர் போய்விட்டார் என்றால், மீறுகிறவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். நமது சங்கம் யாரையும் வெளியேற்றியது கிடையாது என்பதை இந்த நேரத்தில் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். யார் இல்லை என்பதை நாம் கவனிக்கிறோம், அவ்வளவுதான்.”

பெரிய கைதட்டல். முன்வரிசையில் ஓர் அம்மாள் மூக்கைச் சிந்தினாள். போன மாதம்தான் பெல்காரர் அவள் வீட்டில் மின்விசிறி மாட்டிக்கொடுத்திருந்தார். நினைவுக் கேடயம் கொடுக்கும் நேரம் வந்ததும் பெல்காரர் எழுந்து மேடைக்கே போய்விட்டார். தலைவர் அவரைச் சுற்றி நடந்துபோய்க் கேடயத்தைக் காலி நாற்காலியில் வைத்தார். புகைப்படக்காரர் பெல்காரரிடம் “கொஞ்சம் தள்ளிக்கங்க, மறைக்குது” என்றார்.

நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். கூட்டத்தில் வேறு யாரும் சிரிக்கவில்லை. செயலாளர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து எதையோ குறித்து மறுபடி பையில் வைத்துக்கொண்டார். பெல்காரர் அதைப் பார்த்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் ஐம்பத்திரண்டாம் எண் வீட்டுத் தையல்காரர் ஞாபகத்துக்கு வந்தார். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டுக் கேட்டிலும் இதே மஞ்சள் பலகை தொங்கிற்று. சன்னலில் அந்த மனிதர் நின்றுகொண்டு போகிறவர் வருகிறவரைப் பார்த்துக் கையாட்டுவார். பெல்காரரும் அந்தப் பக்கம் போகும்போது குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டு போனவர்தான். பிறகு ஒருநாள் சன்னலில் ஆள் இல்லை. எங்கே போனார் என்று யாரும் கேட்கவில்லை. இப்போது அது சங்கத்தின் வாசகசாலை.

அடுத்த நாள் பத்து மணிக்கு அவர் வீட்டுக் கதவு திறந்தது. சங்கத்திடம் எல்லா வீட்டுக்கும் மாற்றுச் சாவி உண்டு. அது எழுபதாம் விதி. நான்கு பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சுமந்துகொண்டு வந்து கூடத்தில் அடுக்கினார்கள். கூட்டத்துக்கு வாங்கியவை, வைக்க இடமில்லை. பெல்காரர் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் தட்டைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள். மனைவியின் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டு அந்த அறையிலும் அடுக்கினார்கள்.

“அது என் வீட்டுக்காரி கட்டிலுப்பா!” என்று அவர் கத்தினார்.

“காலி வீடுன்னா எதிரொலி ஜாஸ்தி” என்றான் ஒருவன்.

அவர்களோடு வந்த செயலாளர் மூக்கைச் சுளித்தார். “சோத்து வாசனை வருதே. ஆளில்லா வீட்டுல சோத்து வாசனை வந்தா எலி இருக்குன்னு அர்த்தம். மருந்து வெச்சுடுங்க.”

சமையலறை மூலைகளில், அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில், தண்ணீர்க் குடத்துக்கு அருகில் என்று ஏழு இடத்தில் பச்சை உருண்டைகளை வைத்துவிட்டுப் போனார்கள். தினமும் பத்து மணிக்கு வந்து எண்ணினார்கள். உருண்டை குறையாததைப் பார்த்துச் செயலாளர் வருத்தப்பட்டார். “இன்னும் சாப்பிடலை. பழகிக்கும்.”

பெல்காரர் அன்றிலிருந்து நர்ஸ் கொண்டுவந்து கொடுத்ததை மட்டும் சாப்பிட்டார்.

எட்டாம் நாள் மனைவியிடமிருந்து போன் வந்தது.

“காய்ச்சல் எப்படி இருக்கு? வியாழக்கிழமை விடுறாங்களாம். வாக்கர் வெச்சு நாலடி நடந்தேன். என் கட்டில்ல படுத்தாப் போதும், பாதி வலி போயிடும்.”

“வந்துடு” என்றார் பெல்காரர். கேட்டைத் தாண்டி அவளை யார் உள்ளே விடுவார்கள்? அவர்களுக்கு வேறு வீடு கிடையாது, பிள்ளைகள் கிடையாது, போய் நிற்க ஒரு உறவுகூடக் கிடையாது. இடுப்பில் கம்பி வைத்த அறுபது வயதுப் பெண்ணை எந்தப் பஸ் நிறுத்தத்தில் உட்கார வைப்பது? அவர் நாற்காலி அடுக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதார்.

அன்று மத்தியானம் தலைவரே கூப்பிட்டனுப்பினார். அலுவலகத்தில் மேசை துடைத்து வைத்திருந்தது. மேசைமேல் பளபளவென்று ஆண்டறிக்கை. அட்டையில் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“நாங்க கல்லு இல்லை” என்றார் தலைவர். “மனுஷங்கதான். உங்க கஷ்டம் புரியுது. ஆனா இதைப் பாருங்க. ‘வீடுகள் எண்பத்து நான்கு. ஆள் இருப்பவை எண்பத்து மூன்று. இல்லாதவை ஒன்று.’ அச்சாயிடுச்சு. எல்லா இடத்துக்கும் போயிடுச்சு. இப்ப உங்களை இருக்கிறதா எழுதினா எண்பத்து நாலாயிடும். அறிக்கை பொய்யாயிடும். ஒரு ஆளுக்காக எண்பத்து மூணு குடும்பத்தைப் பொய்யாக்கலாமா?”

“அப்ப நான் என்னதான் சார் பண்றது?”

“எண்ணிக்கைதான் அச்சாயிருக்கு. வீட்டு நம்பர் அச்சாகலை.” தலைவர் ஒரு படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினார். “துணைச் சரிபார்ப்புக் கோரிக்கை. பொதுமக்கள் பங்கேற்புன்னு நாங்க கொண்டுவந்த திட்டம். ரெண்டே ரெண்டு கேள்விதான்.”

முதல் கேள்வி: ஆளில்லை எனத் தாங்கள் கருதும் வீட்டின் எண். இரண்டாவது: எந்த நேரத்தில் சென்றால் கதவு திறக்கப்படாது.

“யாரையும் எழுதச் சொல்லி நாங்க சொல்ல மாட்டோம்” என்றார் செயலாளர், சட்டைப்பையைத் தடவிக்கொண்டே. “சங்கம் அப்படிப்பட்ட சங்கம் இல்லை. வியாழக்கிழமை காலையில போய்ப் பாப்போம். மத்தியானம் உங்க சம்சாரம் வர்றதுக்குள்ள ஏடு சரியாயிடும். கட்டிலைக்கூட நாங்களே போட்டுக் குடுத்துடுவோம்.”

பெல்காரர் பேனாவைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு வீடாக மனதில் நடந்து பார்த்தார். செயலாளர் வீட்டை எழுதலாமா என்றுகூட நினைத்தார். அங்கே எப்போதும் ஆள் இருக்கும், பெல்லும் ஜம்மென்று அடிக்கும். மற்ற வீடுகளில் கிழவர்கள், குழந்தைகள், மருமகள்கள். எந்த வீட்டில் யார் எப்போது இருப்பார்கள் என்று அவருக்கு உண்மையாகவே தெரியாது. தெரிந்தது ஒரே ஒரு வீடுதான். தண்ணீர்க் குழாயை இழுத்துப் போடும்போது, காலை ஏழிலிருந்து மூன்றுவரை நான் இருக்க மாட்டேன், நீங்களே திறந்து பிடிச்சுக்கங்க என்று சொல்லிவிட்டுப் போகிறவளின் வீடு.

எழுதி முடித்துப் படிவத்தைக் கவிழ்த்து வைத்தார். தலைவர் தண்ணீர் கொடுத்தார். அதைக் குடிக்கப் பயந்து, குடித்துவிட்டார்.

வியாழன் பத்து மணிக்கு எதிர்வீட்டில் பெல் மூன்று தடவை அடித்ததைப் பெல்காரர் நாற்காலிகளை ஒதுக்கிக் கட்டிலைப் போட்டு, விரிப்பை விரித்துக்கொண்டே கேட்டார். அவர் பொருத்திய பெல்தான், நல்ல சத்தம். பத்தேகாலுக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. மஞ்சள் பலகை தெருவைக் கடந்தது, பின்னாலேயே நாற்காலிகளும் கடந்தன. போகிற போக்கில் நாலு பேர் அவருக்கு வணக்கம் வைத்தார்கள். அவரும் வைத்தார். சொன்னால் வெட்கக்கேடு, அவருக்கு அது இதமாக இருந்தது.

மத்தியானம் மூன்றரைக்கு ஆம்புலன்ஸ் கேட்டுக்கு வெளியே நின்றது. வெளி வண்டி உள்ளே வரக்கூடாது என்பது ஒன்பதாம் விதி. பின்கதவு திறந்ததும் முதலில் நர்ஸ் குதித்து இறங்கினாள். வேலை முடிந்து அப்படியே துணைக்கு வந்திருந்தாள். கையில் மாத்திரைப் பை. பெல்காரர் இதை எதிர்பார்க்கவில்லை. அவளைத் தனியாக, தூரத்திலிருந்து, சன்னல் வழியாகப் பார்க்க வேண்டியிருக்கும் என்றுதான் மனதைத் தயார்ப்படுத்தி வைத்திருந்தார்.

“மெதுவா அண்ணி. என் தோள்ல கையைப் போட்டுக்கங்க. ஆங், அப்படித்தான். அண்ணே, என்ன அங்கயே நிக்கிறீங்க? வாக்கரை எடுங்க!”

மனைவி அவளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாகக் கேட்டுவரைக்கும் வந்தாள். செயலாளர் பதிவேட்டைப் பிரித்தார்.

“பதினேழாம் வீடு. ரெண்டு பேர். சரியா இருக்கு, வாங்கம்மா, வாங்க.”

வாட்ச்மேன் கேட்டைப் பாதி திறந்து, நர்ஸுக்குக் குறுக்கே தன் கையை நீட்டினான். நர்ஸ் சிரித்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். செயலாளரைப் பார்த்தாள். கடைசியில் பெல்காரரைப் பார்த்தாள். அவள் சிரிப்பு நின்றது.

“அண்ணே?” என்றாள்.

“இவளை ஏன் நிறுத்துறீங்க?” என்று மனைவி மூச்சிரைக்கக் கேட்டாள். “இவ இல்லாம நான் எப்படி நடப்பேன்? பத்து நாளா என்னைப் பிள்ளை மாதிரி பாத்துக்கிட்டவ இவதான்.”

செயலாளர் பேனா மூடியைத் திறந்தார். “யாரைச் சொல்றாங்க உங்க வீட்டம்மா?” என்று பெல்காரரிடம் கேட்டார்.

தெருவில் வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்றிருந்தார்கள். மனைவியின் விரல்கள் நர்ஸின் தோளில் அழுந்தியிருந்தன.

பெல்காரர் முன்னால் போய்க் கையை நீட்டினார்.

“என் கையைப் பிடிச்சுக்கோ” என்றார். “பாத்து, அந்தப் பக்கம் சாஞ்சுடாதே. அங்க யாரும் இல்ல.”